செப்புத் தகட்டில் பாராமகால்: லெ பிரேன்ஸின் அச்சு நுட்பமும் தருமபுரி மலைக்கோட்டைப் படங்களும்

முன்னுரை

1792 மார்ச் 18 அன்று கையெழுத்தான சீரங்கப்பட்டண உடன்படிக்கை, திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்த பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாற்றியது. அதன் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்குள் மைசூர்ப் போர்க்களங்களையும் பாராமகால் மலைக்கோட்டைகளையும் காட்டும் படநூல்கள் இலண்டனில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அதுவரை எந்த ஐரோப்பிய ஓவியரும் பொருட்படுத்தாத இராயக்கோட்டையும் ஜெகதேவியும் வீரபத்திர துர்க்கமும் செல்வந்தர் வீட்டு நூலகங்களுக்குள் நுழைந்தன.

இப்படங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரு ஆங்கில ஓவியரின் திறமையோடு நின்றுவிடுகிறது. அவை எந்த நுட்பத்தால் அச்சேறின, அந்த நுட்பம் எங்கே பிறந்து எவ்வழியாக இங்கே வந்தது என்ற கேள்விகள் ஓரமாகவே கிடக்கின்றன. அவற்றுக்கு விடை தேடினால் பிரெஞ்சு ஓவியரும் நூல்பட வரைஞருமான ழான்-பாப்டிஸ்ட் லெ பிரேன்ஸிடம் போய்ச் சேர்கிறோம். அவர் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். ஆயினும் அவர் உருவாக்கிய முறை இல்லையென்றால் பாராமகால் மலைகள் இன்று நாம் காணும் வடிவில் அச்சாகியிருக்க மாட்டா. அந்த முறையின் பயணத்தைத் தொடர்வதும், அம்முறையால் இந்நிலத்தில் எது படமாயிற்று, எது விடுபட்டது, ஏன் விடுபட்டது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

எல்லை பற்றி ஒரு குறிப்பு. சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் பிரிந்த தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் தனியாயிற்று. இங்கே பேசப்படும் கோட்டைகளில் பல இன்று கிருஷ்ணகிரியைச் சேர்ந்தவை. பழைய பாராமகால் இரண்டு மாவட்டங்களிலும் திருப்பத்தூர் வட்டாரத்திலும் பரவியிருந்ததால், பிரிவினைக்கு முந்திய தருமபுரியை ஒரே நிலப்பரப்பாகக் கொள்கிறோம்.

லெ பிரேன்ஸின் வாழ்வும் பணியும்

லெ பிரேன்ஸ் 1734இல் பிரான்சின் கிழக்கு எல்லை நகரமான மெட்ஸில் பிறந்தார். அந்நகர ஆளுநரின் ஆதரவோடு பாரிசுக்குச் சென்று, அக்காலத்தின் பெரும் புகழ் பெற்ற ஓவியரான பிரான்சுவா பூஷேயிடம் பயின்றார். 1750களின் பிற்பகுதியில் ருஷ்யா சென்றவர், சில ஆண்டுகள் அங்கேயே தங்கினார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனைக்காக ஓவியம் தீட்டினார். தெருக்களிலும் சந்தைகளிலும் கண்ட வண்டிக்காரர், மீனவர், கூவி விற்பவர், குடியானவப் பெண்கள் எனப் பலரின் உடையையும் நடையையும் தாளில் பதிந்துகொண்டார்.

1763 இறுதியில் பாரிசு திரும்பியதும் அந்தக் குறிப்புகளே அவருக்குப் பிழைப்பும் புகழும் ஆயின. 'ருஷ்ய ஞானஸ்நானம்' என்ற ஓவியத்தைக் கொடுத்து 1765இல் அரச ஓவியக் கழகத்தில் உறுப்பினரானார். அதே ஆண்டு நடந்த கண்காட்சியில் அவருடைய ருஷ்யக் காட்சிகள் வைக்கப்பட்டன. தத்துவ அறிஞர் தெனி தீதரோ அவற்றைப் பற்றி எழுதினார். போவே நகரத் திரைச்சீலை ஆலைக்காகவும் லெ பிரேன்ஸ் ருஷ்ய விளையாட்டுகளை வரைந்து கொடுத்தார்.

நூல்பட வரைஞராக அவருக்கு நிலையான பெயர் தந்தது 1768இல் வெளியான ஷாப் தொத்ரோஷின் 'சைபீரியப் பயணம்'. 1761ஆம் ஆண்டு வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்ததைக் காண தோபோல்ஸ்க் வரை சென்ற வானியலாளர் ஷாப். அதே நிகழ்வைக் காணப் புதுச்சேரிக்குப் புறப்பட்ட இன்னொரு பிரெஞ்சு வானியலாளரான லெ ழாந்தி வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. அடுத்த கடப்பைக் காண 1769இல் புதுச்சேரியிலேயே காத்திருந்தபோது மேகம் மறைத்தது. பிரெஞ்சு அறிவியலும் பயணமும் படமும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருந்தன என்பதை இந்த இரு பயணங்களும் உணர்த்துகின்றன. பயணியின் எழுத்துக்குப் படம் சான்றாக வேண்டியிருந்தது. படத்தை விரைவாகவும் உயிரோட்டத்தோடும் அச்சிட ஒரு வழி தேவைப்பட்டது.

தகட்டில் பிறந்த சாயல்

அதுவரை செப்புத் தகட்டு அச்சு பெரும்பாலும் கோடுகளை நம்பியே இயங்கியது. உளியால் செதுக்கினாலும் அமிலத்தால் அரித்தாலும் நிழலைக் காட்ட நெருக்கமான கோடுகளை இழைக்க வேண்டும். தூரிகையில் மை தொட்டு, நீர் கலந்து பூசும்போது கிடைக்கும் படிப்படியான சாயல் அச்சில் வராது. ஓவியர் அரை நாளில் பூசி முடித்த நிழலைத் தகட்டில் கொண்டுவர வேலையாளுக்கு வாரக்கணக்கில் பிடித்தது.

1768-69 காலத்தில் லெ பிரேன்ஸ் இதற்கு விடை கண்டார். பின்னர் அக்வாடின்ட் என்று வழங்கப்பட்ட முறை இது. செப்புத் தகட்டின் மேல் குங்கிலியம் போன்ற பிசினை மெல்லிய பொடியாகப் படியவிட்டுத் தகட்டைச் சூடாக்கினால், துகள்கள் உருகி ஒட்டிக்கொள்ளும். தகட்டை அமிலத்தில் இட்டால், துகள்களுக்கு இடையே உள்ள செம்பு மட்டும் அரிபடும். அந்த நுண்குழிகள் மையைப் பிடித்துக்கொண்டு, தாளில் ஒரே சீரான சாம்பல் சாயலைக் கொடுக்கும். வெண்மையாக நிற்க வேண்டிய இடத்தை முதலிலேயே வார்னிஷால் மூடிவிடுவார்கள். மற்ற இடங்களை ஒவ்வொரு முறை அமிலத்தில் இட்ட பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வர, கடைசிவரை திறந்திருக்கும் பகுதி ஆழ்ந்த கருமை பெறும். வானத்தின் வெளிர்மையிலிருந்து குகையின் இருட்டு வரை எல்லாப் படிகளும் இப்படிக் கிடைக்கும்.

இம்முறையை முதலில் கண்டவர் யார் என்பதில் வாதம் உண்டு. அதே ஆண்டுகளில் பிரான்சில் வேறு சிலரும் இதே போன்ற சோதனைகளில் ஈடுபட்டிருந்தனர். ஆனால் அதை முழுமையான ஓவியக் கருவியாக்கி ஏராளமான தாள்களில் நிலைநிறுத்தியவர் லெ பிரேன்ஸே. செய்முறையை அவர் எளிதில் வெளியிடவில்லை. அதை விற்கவும் சந்தாதாரர் திரட்டவும் முயன்றார். 1781இல் இறந்தபோது வயது 47. அதற்குள் நுட்பம் ஆங்கிலக் கால்வாயைக் கடந்திருந்தது.

பாரிசிலிருந்து இலண்டனுக்கு

கலை ஆர்வலரான சார்லஸ் கிரேவில் லெ பிரேன்ஸிடமிருந்து செய்முறையை விலைக்கு வாங்கி, நிலக்காட்சி ஓவியர் பால் சாண்ட்பியிடம் கொடுத்தார் என்பது கலை வரலாற்றில் வழங்கும் செய்தி. சாண்ட்பி பிசினைப் பொடியாகத் தூவுவதற்கு மாற்றாக, அதைச் சாராயத்தில் கரைத்து ஊற்றும் முறையைக் கையாண்டார். வேல்ஸ் நாட்டின் தென்பகுதியைக் காட்டும் அவருடைய பன்னிரண்டு அக்வாடின்ட் படங்கள் 1775இல் வெளிவந்தன.

நம் பொருளுக்கு சாண்ட்பியின் இன்னொரு முகம் முக்கியமானது. உல்விச் நகரில் இருந்த அரச இராணுவக் கழகத்தில் 1768 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர் தலைமை ஓவிய ஆசிரியர். பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் சேரும் இளைஞர்கள் அங்கே நிலத்தைப் பார்த்து வரையக் கற்றார்கள். மேடு எங்கே, பள்ளம் எங்கே, பீரங்கியை எந்தப் பக்கம் நிறுத்தினால் மதில் இடியும் என்பவற்றை விரைவாகத் தாளில் காட்டுவது அவர்களுக்குத் தொழில். நீர் கலந்த மையைத் தூரிகையால் பூசி வரைவது அதற்கு ஏற்ற வழி. ஆக, பூச்சோவியம் தெரிந்த அதிகாரிகளும் பூச்சோவியத்தை அச்சிடும் நுட்பமும் ஆங்கிலேயரிடம் ஒரே தலைமுறையில் சேர்ந்து அமைந்தன.

இந்தியக் காட்சிகளுக்கு இதைப் பெருமளவில் முதலில் பயன்படுத்தியவர் வில்லியம் ஹாட்ஜஸ். கேப்டன் குக்கோடு பசிபிக் கடலில் பயணித்த இந்த ஓவியர் 1780இல் சென்னையில் இறங்கினார். அதே ஆண்டு ஹைதர் அலியின் படை செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கவே, ஹாட்ஜஸால் சென்னையை விட்டு உள்நாட்டுக்குள் போக முடியவில்லை. வங்காளத்துக்குச் சென்று வட இந்தியாவை வரைந்தார். 1785 முதல் வெளிவந்த அவருடைய படத்தொகுதியில் 48 அக்வாடின்ட் படங்கள் இருந்தன. ஓவியரைத் தடுத்த அதே மைசூர் அரசின் நிலம் பத்தாண்டு கழித்துப் படநூல்களின் பொருளாயிற்று.

போர் திறந்த பாதை

மூன்றாம் மைசூர்ப் போரில் (1790-92) பாராமகால், சென்னையிலிருந்து மைசூர்ப் பீடபூமிக்கு ஏறும் படிக்கட்டாக இருந்தது. கம்பெனியின் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸின் படை 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தது. சோற்றுக்கும் குண்டுக்கும் மருந்துக்கும் கீழ்நாட்டையே நம்பியிருந்த அப்படைக்குக் கணவாய்கள் கைவசம் வந்தாக வேண்டும். அவ்வாண்டு ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் வீழ்ந்தன. ஆண்டின் இறுதிப் பகுதியில் கர்னல் மேக்ஸ்வெலின் படை பென்னாகரத்தைப் பிடித்தது. நவம்பரில் அவர் கிருஷ்ணகிரியைத் தாக்கியபோது கீழே இருந்த பேட்டையை மட்டுமே கைப்பற்ற முடிந்தது. மலை உச்சிக் கோட்டை அவரைத் திருப்பி அனுப்பியது. போர் முடிந்து உடன்படிக்கை எழுதப்பட்ட பிறகே கிருஷ்ணகிரி கம்பெனி கைக்கு வந்தது.

ஏறமுடியாத பாறை என்ற எண்ணம் ஆங்கிலேயர் மனத்தில் பதிந்தது இந்த மாதங்களில்தான். செய்தித்தாள்களில் படித்த பெயர்களுக்கு உருவம் பார்க்க இலண்டன் வாசகர்கள் ஆவலாக இருந்தார்கள். படையோடு சென்ற ஓவியர் ராபர்ட் ஹோம் 1794இல் மைசூர்க் காட்சிகளின் தொகுப்பொன்றை வெளியிட்டார். படை அதிகாரி அலெக்சாண்டர் ஆலனின் மைசூர்க் காட்சி நூலும், நில அளவையாளர் ராபர்ட் ஹைட் கோல்புரூக்கின் பன்னிரண்டு காட்சிகளும் ஏறத்தாழ அதே காலத்தவை. பீரங்கிப் படை அதிகாரி ஜேம்ஸ் ஹண்டர் 1792இல் இறந்துவிட, அவருடைய ஓவியங்கள் 1805இல் அச்சாயின. ஹோம் ஒருவர் மட்டுமே தொழில்முறை ஓவியர். மற்றவர்கள் தூரிகை பிடிக்கத் தெரிந்த போர்வீரர்கள். கோட்டையை வீழ்த்தக் கணக்கிட்ட கண்ணே அதை அழகுக் காட்சியாகவும் வரைந்தது.

டேனியல்கள் வந்த வழி

தாமஸ் டேனியல் (1749-1840) வண்டிகளில் குலமரபுச் சின்னங்கள் தீட்டும் வேலையில் தொடங்கி ஓவியரானவர். வில்லியம் (1769-1837) அவருடைய அண்ணன் மகன். இருவரும் 1786இல் கல்கத்தாவை அடைந்து, அந்நகரின் பன்னிரண்டு காட்சிகளை அக்வாடின்டில் தாங்களே அச்சிட்டனர். அச்சுக் கலையில் பழக்கமில்லாத உள்ளூர்த் தொழிலாளர்களின் துணையோடு, தவறித் திருத்தி அவர்கள் அந்நுட்பத்தைக் கற்றது அங்கேதான். கர்வால் மலை வரை நீண்ட வடநாட்டுப் பயணத்தில் தீட்டிய ஓவியங்களைக் கல்கத்தாவில் லாட்டரி நடத்தி விற்று, அந்தப் பணத்தோடு 1792இல் சென்னைக்கு வந்தனர்.

உடன்படிக்கையின் மை காய்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஏப்ரலில், பல்லக்குகளும் சுமையாள்களும் சூழ அவர்கள் மேற்கே புறப்பட்டார்கள். கார்ன்வாலிஸின் படை சென்ற தடத்தையே பெரும்பாலும் பின்பற்றினார்கள். முந்திய ஆண்டில் எந்த ஐரோப்பிய ஓவியரும் தனியாக நடமாட முடியாத கணவாய்கள் இப்போது கம்பெனிக் காவலில் இருந்தன. பாராமகாலில் அவர்கள் வரைந்தவற்றுள் இராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம், ஜெகதேவி ஆகிய மலைக்கோட்டைக் காட்சிகள் பின்னாளில் அச்சேறின. அங்கிருந்து தெற்கே திருச்சி, மதுரை, பாபநாசம் அருவி எனக் குமரிமுனைப் பக்கம் வரை சென்றார்கள்.

காட்சியின் வெளிக்கோட்டைத் துல்லியமாகப் பிடிக்க கேமரா ஆப்ஸ்க்யூராவைப் பயன்படுத்தினார்கள். இருட்டுப் பெட்டியின் துளை வழியே விழும் பிம்பத்தைப் பென்சிலால் ஒற்றி எடுத்து, பிறகு நீர்வண்ணம் பூசுவது வழக்கம். 1794இல் இங்கிலாந்து திரும்பியதும் அந்தத் தாள்களைக் கொண்டு 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக 'ஓரியன்டல் சீனரி'யை வெளியிட்டார்கள். மொத்தம் 144 படங்கள். முழுத் தொகுதியின் விலை 210 பவுண்டு. சாதாரண வாசகர் நினைத்தும் பார்க்க முடியாத தொகை அது.

பாராமகாலின் நில அமைப்பும் இந்த அச்சு முறையும் ஒன்றுக்கொன்று பொருந்தியது தற்செயலே, ஆனால் நல்ல தற்செயல். இங்குள்ள குன்றுகள் மரம் அடர்ந்த மலைத்தொடர்கள் அல்ல. சமவெளியிலிருந்து தனித்தனியே எழும் மொட்டைப் பாறைகள். மழைநீர் வழிந்த கறைகளும் காலை மாலை வெயிலில் மாறும் நிறமும்தான் அவற்றின் தோற்றம். கோட்டால் இதைக் காட்ட முயன்றால் பாறை வெறும் கட்டடம்போல் ஆகிவிடும். பிசின் துகள் விட்டுச்சென்ற நுண்புள்ளிகளோ பாறையின் சொரசொரப்பையே கொடுத்தன. மங்கும் தொலைவை, முதல் அரிப்பிலேயே மூடிவைத்த வெளிர்சாயல் காட்டியது. அதன் மேல் கையால் வண்ணம் பூசினார்கள்.

படத்தில் இல்லாத குடிகள்

டேனியல் படங்களில் மனிதர்கள் உண்டு. முன்புறத்தில் சிறு உருவங்களாக நிற்பார்கள், அமர்வார்கள், நடந்து போவார்கள். மலையின் உயரத்தை அளந்து காட்டுவதே பெரும்பாலும் அவர்களுக்கு அளிக்கப்பட்ட வேலை. உழவு, நெசவு, ஏரி மடை, சந்தை ஆகியவை இக்கோட்டைப் படங்களின் பொருளாகவில்லை.

இதற்கு அச்சு நுட்பத்தைக் காரணம் சொல்வது எளிது. சாயலுக்கு ஏற்ற முறை நிலத்தையும் வானத்தையும் நோக்கிச் சாய்ந்தது என்று தோன்றலாம். லெ பிரேன்ஸின் தாள்களே இதை மறுக்கின்றன. இந்நுட்பத்தை உருவாக்கியவர் அதைக் கொண்டு முதலில் தீட்டியவற்றுள் ஆடுவோரும் மீனவரும் குடியானவரும் நிறைந்த காட்சிகள் ஏராளம். முகமும் உடையும் செயலும் அங்கே முதன்மை பெற்றன. ஆகவே பாராமகால் படங்களில் குடிகள் சிறுத்ததற்குக் காரணம் வாங்குவோரிடமும் வரைவோரின் வழியிலும் இருக்கிறது. வாங்கியவர்கள் வென்ற போரின் களத்தைக் காண விரும்பினார்கள். வரைந்தவர்கள் படை போன வழியில் போனார்கள். படைவீரன் எதை நோக்கி நின்றானோ அதை நோக்கியே நின்றார்கள்.

புதுச்சேரியை மையமாகக் கொண்ட பியேர் சொன்னெராவோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். லியோனில் 1748இல் பிறந்த இவர் இயற்கை அறிஞர், வரைஞர். 1782இல் பாரிசில் வெளியான அவருடைய இந்தியப் பயண நூலில் தமிழ்நாட்டுக் கைவினைஞர்களும் தெய்வ வடிவங்களும் சடங்குகளும் நிறைந்துள்ளன. அவர் வரைந்ததை புவாசோன் என்பவர் கோட்டச்சாகச் செதுக்கினார். நாட்டைப் பற்றி அறிய விரும்பிய வாசகருக்காக எழுதப்பட்ட நூல் அது. அங்கே நெசவாளர் இடம் பெற்றார். மலை இடம் பெறவில்லை.

பாராமகாலின் குடிகள் வேறோர் ஆவணத்தில் இருக்கிறார்கள். உடன்படிக்கைக்குப் பின் கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் இந்நிலத்தின் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. தாமஸ் மன்றோ, வில்லியம் மெக்லியாட், ஜேம்ஸ் கிரகாம் ஆகிய மூன்று அதிகாரிகள் அவருக்கு உதவியாளர்கள். போரின்போது ஒற்றறியும் பிரிவை நடத்தியவர் ரீடு. மன்றோ அவரிடம் பணியாற்றியவர். 1799 வரை பாராமகாலில் இருந்த மன்றோ தருமபுரியில் தங்கி வயல் வயலாக அளந்து தீர்வை கணித்தார். உழவரிடமிருந்து நேரடியாகத் தீர்வை வாங்கும், பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய இரயத்துவாரி முறை இந்த அனுபவத்தில்தான் உருப்பெற்றது. அவர்கள் தொகுத்த பாராமகால் ஆவணங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசால் அச்சிடப்பட்டன. குடிமக்கள், விளைபொருள், உடைமை, நிலத்தீர்வை, வரிகள் எனத் தனித்தனிப் பிரிவுகளாக அவை அமைந்துள்ளன.

படமும் பதிவேடும் ஒரே பத்தாண்டின் விளைவுகள். இரண்டையும் உண்டாக்கியவர்கள் ஒரே வட்டத்தவர். படையோடு வந்தவர்கள் அல்லது படை திறந்த வழியில் வந்தவர்கள். ஒன்று ஆட்கள் சிறுத்த நிலத்தை விற்பனைக்கு வைத்தது. மற்றொன்று நிலத்தில் இருந்த ஆட்களை வரிக்காக எண்ணியது. தனித்தனியே படிக்கும்போது இரண்டும் நடுநிலையான சான்றுகள்போல் தோன்றும். சேர்த்துப் படிக்கும்போது ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்புகிறது. இரண்டுக்கும் பின்னே இருந்த தேவையும் புலப்படுகிறது.

இங்கே லெ பிரேன்ஸின் கதையில் ஒரு வேறுபாடு உண்டு. அவர் படம் வரைந்த சைபீரியப் பயண நூல் தங்களை இழிவுபடுத்தியதாக ருஷ்ய அரசவை கருதியது. 1770இல் அதற்கு மறுப்பாக 'ஆன்டிடோட்' என்ற நூல் பிரெஞ்சிலேயே வெளிவந்தது. பேரரசி இரண்டாம் கேத்தரின் எழுதியது என்று கருதப்படும் நூல் அது. வரையப்பட்ட நாடு வரைந்த நாட்டின் மொழியிலேயே திருப்பிப் பேசியது. நாடிழந்திருந்த பாராமகாலுக்கு அப்படிப் பேசும் நிலை இல்லை.

ஆனால் இம்மண்ணுக்குத் தனக்கென்று படமரபு இல்லாமலில்லை. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் இறந்த வீரனின் உருவத்தைப் பெயரோடும் நிகழ்வோடும் பொறித்த நடுகற்கள் தருமபுரிப் பகுதியில் மிகுதி. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் பல உள்ளன. அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டப விதானத்தில் இதிகாசக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. நடுகல் மரபில் மனிதன் பெரியவன், நிலம் பின்னணி. டேனியல் படத்தில் இந்த அளவு தலைகீழாகிறது.

பிரான்சுக்குத் திரும்பிய காட்சிகள்

நுட்பத்தின் பயணம் இலண்டனோடு முடியவில்லை. ரிக்ஸ்ஹைம் ஊரில் இருந்த ஸூபர் சுவர்த்தாள் நிறுவனத்துக்காக பிரெஞ்சு ஓவியர் பியேர்-அந்துவான் மோன்ழேன் 1807இல் 'இந்துஸ்தான்' என்ற அகன்ற காட்சியை வடிவமைத்தார். டேனியல்களின் படங்களே அதற்கு மூலம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரக்கட்டைகளைக் கொண்டு வண்ணம் வண்ணமாக அச்சிடப்பட்ட அத்தாள் பணக்காரர் வீட்டுக் கூடங்களின் சுவரை நிறைத்தது. வெவ்வேறு ஊர்களின் கோயிலும் மசூதியும் கோட்டையும் ஒரே தோட்டத்தில் இருப்பதுபோல் அங்கே அருகருகே நின்றன.

1821இல் பாரிசில் நிறைவுற்ற லாங்லெஸின் இந்துஸ்தான நினைவுச்சின்னங்கள் பற்றிய இரு தொகுதி நூலும் டேனியல் படங்களை எடுத்து மறுபடி செதுக்கி வெளியிட்டது. அது ஊரின் பெயரையும் விளக்கத்தையும் காப்பாற்றியது. சுவர்த்தாளோ எதையும் காப்பாற்றவில்லை. பாரிசில் பிறந்த முறையால் இலண்டனில் அச்சான இந்தியக் காட்சி பிரான்சுக்கு வந்தபோது, எந்த ஊர் என்று கேட்க யாருக்கும் தேவையில்லாத அலங்காரமாகியிருந்தது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, பாராமகால் மலைக்கோட்டைப் படங்களின் தோற்றத்துக்கு டேனியல்களின் கை எவ்வளவு காரணமோ அவ்வளவு லெ பிரேன்ஸின் அச்சு முறையும் காரணம். தருமபுரியின் காட்சி வரலாற்றை எழுதும்போது அவர் பெயர் இடம் பெற வேண்டும். இரண்டாவது, அப்படங்களில் குடிகள் சிறுத்துப்போனது நுட்பத்தின் குறை அன்று. அதே நுட்பம் ருஷ்யக் குடியானவரை முழு உருவில் காட்டியது. போர்ப்பாதையும் வாங்குவோரின் விருப்பமும் காட்சியைத் தேர்ந்தன. மூன்றாவது, படத்தையும் பாராமகால் ஆவணங்களையும் இணைத்துப் படித்தாலன்றி அந்தப் பத்தாண்டின் நிலமும் மக்களும் ஒருசேர விளங்கா.

இனிச் செய்ய வேண்டிய பணியும் இதிலிருந்தே தெளிவாகிறது. டேனியல்கள் கேமரா ஆப்ஸ்க்யூராவை வைத்து வரைந்ததால் அவர்கள் நின்ற இடங்களை இன்றும் களத்தில் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. ஒவ்வோர் இடத்திலும் படத்தில் காணும் ஏரி, மதில், குடியிருப்பு ஆகியவற்றை ரீடு, மன்றோ காலத்துக் கிராமப் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். மலைப்பாறை பெரிதாக மாறியிருக்காது. அதன் அடியில் இருந்த வயலும் வழியும் மாறியிருக்கும். அந்த மாற்றத்தை அளப்பது, கோட்டைகளைச் சுற்றிக் கற்குவாரிகளும் சாலைகளும் பெருகிவரும் இக்காலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆய்வாளர்கள் தள்ளிப்போடக் கூடாத வேலை.